மீட்கச் சென்றவர்களின் மனதை மீட்பது யார்? புனேயின் அவசர சேவைப் பணியாளர்கள் எதிர்கொள்ளும் மன அழுத்தம்

புனே: தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு வீரருக்கு அது ரத்தமாகத் தெரிந்தது. இன்னொருவருக்குப் பசியே எடுக்கவில்லை. 2023-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் தேதி ஒடிசாவின் பாலசோர் அருகே, சென்னை நோக்கி வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் உள்ளிட்ட மூன்று ரயில்கள் சிக்கிய விபத்தில் பணியாற்றிய தேசிய பேரிடர் மீட்புப் படையினரின் நிலை இது. இதைத் தெரிவித்தவர் அந்தப் படையின் அப்போதைய தலைமை இயக்குநர் அதுல் கர்வால். விபத்து நடந்து நான்கு நாள்களே ஆகியிருந்த நிலையில், டெல்லியில் நடைபெற்ற பேரிடர் மீட்புத் திறன் குறித்த மாநாட்டில் அவர் இதைப் பேசினார்.

சீருடைப் படை ஒன்றின் தலைவர் தம் வீரர்களின் மனக்காயத்தைப் பொதுமேடையில் ஒப்புக்கொள்வது நம் நாட்டில் அரிது. பாலசோர் விபத்தில் 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அங்கு சென்ற மீட்புப் படையினர் உயிருடன் மீட்டவர்கள் 44 பேர். வெளியே எடுத்த உடல்கள் 121. மீட்புப் பணி என்றவுடன் இடிபாட்டுக்குள்ளிருந்து ஒரு குழந்தையைத் தூக்கிவரும் காட்சியே நினைவுக்கு வருகிறது. ஆனால் பெரும் விபத்துகளில் பணியாளரின் கைகள் செய்யும் வேலையில் பெரும்பகுதி இறந்தவர்களை எடுப்பதுதான் என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன.

திரும்பி வந்தவர்களுக்கு மனநல ஆலோசனையும் மனத்தை நிலைப்படுத்தும் பயிற்சிகளும் வழங்கப்படுவதாகக் கர்வால் அப்போது தெரிவித்தார். பாலசோர் பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளவர்களுக்கு ஒரு செய்தி. அதே வேலையை நாள்தோறும் செய்பவர்களுக்கு அது ஒரு முன்னறிவிப்பு. அப்படிப்பட்டவர்கள் பெருமளவில் இருக்கும் மாவட்டம் புனே.

மேற்கு இந்தியாவின் அவசர உதவி மையம்

தேசிய பேரிடர் மீட்புப் படையின் 5-ஆவது பட்டாலியன் புனே மாவட்டத்தில், தளேகாவ் அருகே உள்ள சுதும்பரேயில் இயங்குகிறது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அரக்கோணம் எப்படியோ, மகாராஷ்டிர மக்களுக்குச் சுதும்பரே அப்படி. மழைக்காலத்தில் கொங்கண் கரையிலோ கோலாப்பூர், சாங்லி பக்கமோ வெள்ளம் வந்தால் முதலில் கேட்கப்படும் பெயர் இதுதான்.

மகாராஷ்டிரத்தின் 108 ஆம்புலன்ஸ் சேவைக்கும் புனேதான் தலைமையிடம். 2014-ஆம் ஆண்டு குடியரசு நாளன்று தொடங்கப்பட்ட அந்தச் சேவையில் 937 வண்டிகள் இடம்பெற்றன. அவற்றில் 233 வண்டிகள் உயர்நிலை உயிர்காப்பு வசதி கொண்டவை. மாநிலத்தின் எந்த மூலையிலிருந்து 108-ஐ அழைத்தாலும் மணி ஒலிப்பதற்கான கட்டுப்பாட்டு மையம் புனே ஔந்த் பகுதியில் உள்ள நெஞ்சக மருத்துவமனை வளாகத்தில் அமைக்கப்பட்டது. தமிழ்நாட்டின் 108 வண்டிகளில் அவசர மருத்துவ உதவியாளர் ஒருவரும், ‘பைலட்’ என்று அழைக்கப்படும் ஓட்டுநரும் இருப்பார்கள். மகாராஷ்டிரத்தில் உதவியாளருக்குப் பதிலாக மருத்துவரே வண்டியில் செல்வது அந்தச் சேவையின் தனித்தன்மையாகச் சொல்லப்படுகிறது.

இவற்றோடு புனே, பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிகளின் தீயணைப்புத் துறைகள், நகர, ஊரகக் காவல்துறை, சசூன் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவும் பிணவறையும் இருக்கின்றன. மும்பை-பெங்களூரு நெடுஞ்சாலை நகரின் விளிம்பைத் தொட்டுச் செல்கிறது. அதன் நவலே பாலத்துச் சரிவில் மட்டும், 2022 நவம்பரில் கட்டுப்பாட்டை இழந்த ஒரு கனரக வாகனம் ஒரே இரவில் 48 வாகனங்களைச் சேதப்படுத்தியது.

மாளிண்: ஒரு வாரத்துக்கு மேல் நீண்ட தேடல்

2014 ஜூலை 30-ஆம் தேதி காலை, புனே மாவட்டம் ஆம்பேகாவ் வட்டத்தில் உள்ள மாளிண் என்ற பழங்குடியினர் கிராமத்தின் மீது மலைச்சரிவு விழுந்தது. வழக்கமாக அவ்வழியே செல்லும் அரசுப் பேருந்து ஓட்டுநர், கிராமம் இருந்த இடத்தில் சேறு மட்டுமே இருப்பதைக் கண்டு தகவல் கொடுத்த பிறகுதான் வெளியுலகுக்கு விஷயம் தெரிந்தது. 40-க்கும் மேற்பட்ட வீடுகள் புதைந்திருந்தன. 151 உடல்கள் எடுக்கப்பட்டன.

தொடக்கத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. பச்சிளங்குழந்தையின் அழுகுரலைக் கேட்டு, அந்தக் குழந்தையையும் தாயையும் மீட்புக் குழுவினர் உயிருடன் வெளியே எடுத்தனர். நாடு முழுவதும் அந்தச் செய்தி பரவியது. ஆனால் அப்படி உயிருடன் மீட்கப்பட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்குப் பின் ஒரு வாரத்துக்கு மேல், இடைவிடாத மழையில், தளர்ந்த சேற்றில், உடல்களுக்கான தேடல் மட்டுமே நடந்தது. நாள்கள் செல்லச் செல்ல உடல்கள் சிதைகின்றன. சேற்றின் ஓரத்தில் உறவினர்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எடுக்கப்படுவது யார் என்று அடையாளம் காட்ட வேண்டியவர்களும் அவர்களே. இந்த மூன்றும் சேரும் இடத்தில் பணியாற்றுவதுதான் மீட்புப் பணியிலேயே மிகக் கடினமானது என்று பேரிடர் மனநல ஆய்வுகள் கூறுகின்றன. இறந்தவரின் பெயர், கையிலிருந்த பொருள், பள்ளிப் புத்தகப் பை போன்றவற்றைக் கவனிக்க நேர்ந்தால் பாதிப்பு இன்னும் ஆழமாகிறது. அந்த உடல் அப்போது ஓர் எண்ணாக இருப்பதில்லை. தன் வீட்டில் உள்ள ஒருவரை நினைவூட்டும் மனிதராகிவிடுகிறது.

முடிக்கப்படாத வேலை வேறு வகையில் உறுத்துகிறது. 2023 ஜூலை 19-ஆம் தேதி இரவு, அண்டை மாவட்டமான ராய்கட்டில் இர்ஷால்வாடி குடியிருப்பு நிலச்சரிவில் புதைந்தது. மோட்டார் வண்டி செல்லப் பாதை இல்லை. கனரக இயந்திரங்களை மேலே கொண்டுசெல்ல முடியாததால் வீரர்கள் செங்குத்தான மலைப்பாதையில் ஏறிச் சென்று மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு தோண்டினார்கள். அப்படி ஏறும்போதே நவி மும்பை தீயணைப்புத் துறை அதிகாரி ஒருவர் மாரடைப்பால் உயிரிழந்தார். 27 உடல்கள் எடுக்கப்பட்ட நிலையில், 57 பேரைக் காணாத நிலையிலேயே ஜூலை 23-ஆம் தேதி தேடல் நிறுத்தப்பட்டது. அந்த முடிவு நிர்வாக ரீதியில் சரியானதாக இருக்கலாம். தோண்டியவர்களின் பாதுகாப்பையும் கருதித்தான் அது எடுக்கப்படுகிறது. ஆனாலும் மண்ணுக்கடியில் 57 பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தே கருவிகளை எடுத்துக்கொண்டு மலையிறங்கியவர்களின் மனதில் என்ன ஓடியிருக்கும் என்பதை எந்த அறிக்கையும் பதிவு செய்வதில்லை. ‘இன்னும் ஒரு நாள் தோண்டியிருந்தால்’ என்ற எண்ணத்துக்கு விடை கிடையாது. தன் மனசாட்சிக்கு எதிராக நடந்துகொள்ள நேர்ந்துவிட்டதாக ஒருவர் உணரும் இத்தகைய நிலையை மனநல மருத்துவர்கள் ‘அறம்சார் காயம்’ என்று குறிப்பிடுகிறார்கள். அச்சத்தால் வரும் பாதிப்பிலிருந்து இது வேறுபட்டது. இதில் மேலோங்கி நிற்பது குற்ற உணர்வு.

உடலுக்குள் நடப்பது என்ன?

ஆபத்தைக் கண்டதும் உடல் அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. இதயத்துடிப்பு கூடுகிறது, பார்வை குவிகிறது, பசி, வலி, களைப்பு பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. தீக்குள் நுழையும் வீரருக்கு இது தேவையான நிலைதான். வேலை முடிந்ததும் உடல் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அதற்குத் தூக்கமும் இடைவெளியும் தேவை. அடுத்த அழைப்பு அதற்குள் வந்துவிட்டால், உடல் எச்சரிக்கை நிலையிலிருந்து முழுமையாக இறங்குவதே இல்லை.

மிகுந்த பதற்றத்தில் பதியும் நினைவுகள் ஒழுங்கான கதையாகப் பதிவதில்லை. வாசனை, ஒலி, நிறம், தொடுவுணர்வு எனத் துண்டுகளாகப் பதிகின்றன. அதனால்தான் டீசல் புகை நாற்றமோ, ஈரமண் வாசனையோ, ஒரு குழந்தையின் அழுகையோ, பல மாதம் கழித்தும் அந்தக் காட்சியை அப்படியே கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. பாலசோரிலிருந்து திரும்பிய வீரருக்குத் தண்ணீர் ரத்தமாகத் தெரிந்ததை இந்த வகையில்தான் புரிந்துகொள்ள வேண்டும். முதல் சில வாரங்களில் இது பலருக்கும் ஏற்படக்கூடிய இயல்பான எதிர்வினை. பெரும்பாலோருக்குத் தானாகவே தணிந்துவிடுகிறது. ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து, தூக்கத்தையும் வேலையையும் குடும்ப உறவையும் குலைக்கும்போதுதான் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு என்ற பெயர் வருகிறது. சுருக்கமாக ‘பிடிஎஸ்டி’ என்பார்கள்.

இந்தக் கோளாறு 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலில் இடம்பெற்றது. அப்போது மனதில் இருந்தவர்கள் முதன்மையாக வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள். 2013-இல் வெளியான அதன் ஐந்தாம் பதிப்பு ஒரு முக்கிய விளக்கத்தைச் சேர்த்தது. பணியின் காரணமாகக் கொடூரமான விவரங்களை மீண்டும் மீண்டும் எதிர்கொள்பவர்களுக்கும் இந்தக் கோளாறு வரலாம் என்று அது கூறியது. மனித உடல் எச்சங்களைச் சேகரிக்கும் முதல்நிலை மீட்புப் பணியாளர்களையே அதற்கு எடுத்துக்காட்டாகச் சொன்னது. பாதிக்கப்பட, தானே விபத்தில் சிக்கியிருக்க வேண்டியதில்லை என்பது இதன் பொருள்.

உலகின் பல நாடுகளில் நடந்த 28 ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, மீட்புப் பணியாளர்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினர் ஆய்வு நடந்த காலத்தில் பிடிஎஸ்டி பாதிப்புடன் இருந்ததாகக் கணித்தது. தீயணைப்பு வீரர்களையும் காவலர்களையும் விட ஆம்புலன்ஸ் பணியாளர்களிடமே பாதிப்பு கூடுதலாக இருந்தது. முதலில் வியப்பளித்தாலும், காரணம் எளிது. பெரும் தீ எப்போதாவதுதான் வருகிறது. ஆம்புலன்ஸுக்கு ஒவ்வொரு அழைப்பும் ஒரு மனிதரின் மிக மோசமான நேரம்.

செய்தியில் இடம்பெறாத விபத்துகள்

பேரிடர்களுக்குப் பிறகு கவுன்சிலர்கள் வருகிறார்கள், அமைச்சர்கள் வருகிறார்கள், பாராட்டுச் சான்றிதழ்கள் தரப்படுகின்றன. நெடுஞ்சாலையில் அதிகாலை மூன்று மணிக்கு நடக்கும் இருசக்கர வாகன விபத்துக்கு அப்படி யாரும் வருவதில்லை. பின்னிருக்கையில் இருந்த இளைஞனை வண்டியில் ஏற்றி, வழியெல்லாம் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முயன்று, மருத்துவமனை வாசலில் அவன் இறந்துவிட்டதாகக் கேட்டபின், ஸ்ட்ரெச்சரைக் கழுவி, பதிவேட்டை நிரப்பி, ‘தயார்’ என்று கட்டுப்பாட்டு மையத்துக்குச் சொல்ல வேண்டும். அழும் உறவினர்கள் சிலவேளை கோபத்தைக் காட்டுவதும் அந்தப் பணியாளரிடம்தான். தாமதத்துக்குக் காரணம் போக்குவரத்து நெரிசலா, வண்டிப் பற்றாக்குறையா என்று ஆராயும் நிலையில் அப்போது எவரும் இருப்பதில்லை.

கட்டுப்பாட்டு மையத்தில் ஹெட்போனுடன் அமர்ந்திருப்பவரின் நிலை வேறு. அவர் ரத்தத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் எதிர்முனையில் ஒரு தாய் கதறுவதைக் கேட்கிறார்; முகவரியைக் கேட்டுப் பெற வேண்டும்; வண்டி சேரும்வரை என்ன செய்ய வேண்டும் என்று நிதானமாகச் சொல்ல வேண்டும். அந்த அழைப்பு துண்டிக்கப்பட்டதும் அடுத்த அழைப்பு. முந்தையவர் பிழைத்தாரா என்பது பல நேரங்களில் அவருக்குத் தெரிவதே இல்லை. கேட்டதற்கு ஏற்ப மனம் தானே ஒரு காட்சியை வரைந்துகொள்கிறது. அது உண்மையைவிடக் கொடியதாகவும் இருக்கலாம்.

கனடாவின் ஒண்டாரியோ மாகாணம் 2016-இல் இயற்றிய சட்டம் இந்த நுட்பத்தைப் புரிந்துகொண்டது. முதல்நிலை மீட்புப் பணியாளருக்கு பிடிஎஸ்டி இருப்பதாக மருத்துவர் உறுதிசெய்தால், அது பணியால் வந்ததென்றே கருதி இழப்பீடு வழங்க அந்தச் சட்டம் வழிசெய்கிறது. எந்தச் சம்பவத்தால் வந்தது என்று பணியாளர் நிரூபிக்க வேண்டியதில்லை. அவசர அழைப்புகளை ஏற்று வண்டிகளை அனுப்புபவர்களும் அதன் வரம்புக்குள் வருகிறார்கள்.

இந்தியாவில் நிலை என்ன? 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் தொழில்சார் நோய்களுக்கென ஒரு பட்டியலை வைத்திருந்தது. ஈய நஞ்சு, பாதரச நஞ்சு, ஆந்த்ராக்ஸ், நுரையீரலைத் தாக்கும் தூசு நோய் ஆகியவை அதில் உண்டு. மனநோய் எதுவும் இல்லை. கை உடைந்த தீயணைப்பு வீரர் பணிக்காயம் என்று எழுதலாம். தூக்கம் உடைந்தவர் எழுதுவதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

யெரவடா என்ற பெயர்

சென்னையில் ஒருவரைக் கேலி செய்யக் ‘கீழ்ப்பாக்கம்’ என்று சொல்வதைப் போல, புனேயில் யெரவடா. நாட்டின் பெரிய மனநல மருத்துவமனைகளில் ஒன்று அங்கே இருக்கிறது. புகழ்பெற்ற மத்தியச் சிறையும் அதே யெரவடாவில் இருப்பது அந்தப் பெயரின் மீதான தயக்கத்தை மேலும் கூட்டுகிறது. மனநல உதவி என்றாலே அந்த வாசலை நினைத்துக்கொள்ளும் சமூகத்தில், சீருடை அணிந்தவர் ஆலோசகரிடம் செல்வது எளிதல்ல.

சீருடைப் பணியில் அந்தத் தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘மனநிலை சரியில்லை’ என்று கோப்பில் ஏறிவிட்டால் பதவி உயர்வு நிற்குமோ, முன்களப் பணியிலிருந்து நீக்கிவிடுவார்களோ, உடன் பணிபுரிபவர்கள் தன்னை நம்பிக் கயிற்றைப் பிடிக்க மாட்டார்களோ என்ற அச்சம். வெட்கம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. பிழைப்பு பற்றிய நியாயமான கணக்கு அது. ஒப்பந்த முறையில் பணியாற்றுவோருக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. விடுப்பு எடுத்தால் ஊதியம் போகும். ஒப்பந்தம் மாறினால் வேலையே போகலாம். ‘உதவி இருக்கிறது, கேளுங்கள்’ என்று சுவரொட்டி ஒட்டுவதால் மட்டும் யாரும் வந்துவிடப்போவதில்லை. கேட்பவருக்கு இழப்பு நேராது என்பது எழுத்தில் இருந்தால்தான் கேட்பார்கள்.

தேசிய பேரிடர் மீட்புப் படைக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது. 2006-இல் உருவாக்கப்பட்ட இந்தப் படையினர் மத்திய ஆயுதப் படைகளிலிருந்து சில ஆண்டுகளுக்கு மட்டும் அயற்பணியாக வருகிறார்கள். புனே பட்டாலியனுக்கு ஆள் தருவது மத்திய ரிசர்வ் காவல் படை. அரக்கோணம் பட்டாலியனுக்கு மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை. காலம் முடிந்ததும் அவரவர் தாய்ப்படைக்குத் திரும்பிவிடுவார்கள். மனக்காயமோ சில நேரங்களில் மாதங்கள், ஆண்டுகள் கழித்து வெளிப்படுகிறது. அப்போது அவர் வேறொரு மாநிலத்தில், அவர் எந்த மலைச்சரிவில் எத்தனை உடல்களை எடுத்தார் என்பதே தெரியாத அதிகாரியின் கீழ் பணியாற்றிக்கொண்டிருப்பார். பட்டாலியன் எவ்வளவு நல்ல ஆலோசகரை நியமித்தாலும், வீரரோடு அவருடைய மனநலக் குறிப்பும் பயணிக்காவிட்டால் பயன் பாதியாகிவிடும்.

உடனே பேசவைப்பது நல்லதா?

பெரும் விபத்துக்குப் பிறகு பணியாளர்கள் அனைவரையும் வட்டமாக அமரவைத்து, கண்டதையும் உணர்ந்ததையும் சொல்லச் சொல்வது நல்ல மருந்து என்று நீண்டகாலம் நம்பப்பட்டது. அமெரிக்காவில் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பணி அனுபவம் கொண்ட உளவியலாளர் ஜெஃப்ரி மிட்செல் 1983-இல் முன்வைத்த இந்த முறை பல நாடுகளுக்கும் பரவியது. ஆனால், 2002-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, ஒரே ஒரு முறை அமர்த்திப் பேசவைப்பது பிடிஎஸ்டி வராமல் தடுப்பதாகச் சான்று இல்லை என்றும், சிலருக்குத் தீங்கு செய்யவும் கூடும் என்றும் முடிவுகூறியது. அதில் இடம்பெற்ற ஆய்வுகள் பெரும்பாலும் விபத்தில் பாதிக்கப்பட்ட தனிநபர்களைப் பற்றியவை. அவற்றை அப்படியே மீட்புக் குழுக்களுக்குப் பொருத்தலாமா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. எனினும், மனம் தயாராகாதவரைக் கட்டாயப்படுத்திப் பேசவைக்கக் கூடாது என்பதில் இப்போது பரவலான உடன்பாடு உண்டு.

அதற்குப் பதிலாக உலக சுகாதார அமைப்பு 2011-இல் வெளியிட்ட வழிகாட்டி, ‘உளவியல் முதலுதவி’யை முன்வைக்கிறது. பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிமையானது. பாதுகாப்பான இடம், சூடான உணவு, தூக்கம், வீட்டாருடன் ஒரு தொலைபேசி அழைப்பு. பேச விரும்பினால் கேட்க ஒருவர், விரும்பாவிட்டால் அருகில் அமர ஒருவர். பாதிப்பு நீடிப்பவர்களுக்கு அதிர்ச்சியை மையப்படுத்திய அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சை போன்ற முறைகளை 2013-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் அதன் அறிகுறிகளைத் தணிக்கப் பென்சோடயசிபைன் வகை மாத்திரைகளைத் தரக்கூடாது என்றும் அவை எச்சரிக்கின்றன. மருந்துக்கடையில் ‘தூக்கமாத்திரை’ கேட்டு வாங்கும் பழக்கமும், மதுவை மருந்தாக எண்ணும் பழக்கமும் உள்ள நாட்டில் இது கவனிக்க வேண்டிய எச்சரிக்கை.

பிரிட்டனின் ராயல் மரைன்ஸ் படையில் 1990-களில் உருவான ஒரு முறை நம் சூழலுக்கும் பொருந்தக்கூடியது. வெளியிலிருந்து ஆலோசகரை அழைப்பதற்குப் பதில், குழுவுக்குள்ளேயே சிலருக்குப் பயிற்சி தரப்படுகிறது. கடினமான சம்பவத்துக்குப் பின் சில நாள்களில் ஒருமுறை, ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து மறுமுறை அவர்கள் சக பணியாளரிடம் பேசுகிறார்கள். இரண்டு பேச்சுக்கும் இடையில் நிலை தேறியிருக்கிறதா, மோசமாகியிருக்கிறதா என்று பார்ப்பதே நோக்கம். தேறாதவரை மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். அதே வெயிலில் நின்ற ஒருவர் கேட்கும்போது ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லித் தப்புவது கடினம்.

இதையெல்லாம் விட முதலில் செய்ய வேண்டியது பணிநேரப் பட்டியலைச் சரிசெய்வது. ஓய்வே தராமல் ஆலோசனை தருவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம். மகாராஷ்டிரக் காவல்துறையில் பெண் காவலர்களுக்கு 12 மணிநேரப் பணியை 8 மணிநேரமாகக் குறைக்கும் திட்டம், நாக்பூர், அமராவதி நகரங்களிலும் புனே ஊரகத்திலும் சோதித்துப் பார்க்கப்பட்ட பின், 2021 செப்டம்பரில் மாநிலம் முழுவதற்கும் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் அதே ஆண்டு காவலர்களுக்கு வார விடுமுறைக்கு ஆணை பிறப்பிக்கப்பட்டது. ஆள் பற்றாக்குறை இருக்கும் நிலையத்தில் இத்தகைய ஆணைகள் எவ்வளவு நடைமுறைக்கு வருகின்றன என்பது அந்தந்த நிலைய எழுத்தரின் பதிவேட்டைப் பார்த்தால் தெரியும். ஆனாலும் சிக்கலை மனப்பலவீனமாகப் பார்க்காமல் பணிச்சூழலாகப் பார்த்த முயற்சிகள் அவை.

சட்டமும் வழிகாட்டுதலும் நம்மிடம் இல்லாமல் இல்லை. பேரிடர்களில் உளவியல்-சமூக ஆதரவு குறித்துத் தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் 2009-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு வழங்க வேண்டும் என்கிறது. புனேயிலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 2023 டிசம்பரில், முப்படையினருக்கும் அவர்களது குடும்பத்தினருக்குமென ஒரு தனி ‘டெலி-மானஸ்’ மனநல ஆலோசனைப் பிரிவு ராணுவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கப்பட்டது. ராணுவ வாழ்க்கையை அறிந்தவர்களே மறுமுனையில் பேச வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை எண்ணம். அதே நகரின் தீயணைப்பு வீரருக்கும் 108 மருத்துவருக்கும் பிணவறை ஊழியருக்கும் அந்த எண்ணம் எந்த வகையில் பொருந்தாமல் போகும் என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-இல் மும்பைத் துறைமுகக் கப்பல் வெடிவிபத்தில் 66 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்ததை நினைவுகூர்ந்து, ஆண்டுதோறும் அதே நாள் நாடெங்கும் தீயணைப்புப் பணி நாளாக அனுசரிக்கப்படுகிறது. 2019 டிசம்பரில் புனேயை ஒட்டிய தாபோடியில், குழியில் சிக்கிய தொழிலாளியைக் காப்பாற்ற இறங்கிய தீயணைப்பு வீரர் மண் சரிந்து இறந்தபோது அவருக்கும் மரியாதை செலுத்தப்பட்டது. அதே குழியின் விளிம்பில் நின்றிருந்த, பிழைத்துக்கொண்ட சக வீரர்கள் மறுநாளும் பணிக்கு வந்திருப்பார்கள். அவர்களுக்கென எந்த நாளும் நாள்காட்டியில் குறிக்கப்பட்டிருக்கவில்லை.

2025 ஜூன் 15-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், மாவள் வட்டத்தில் குண்ட்மளா என்ற இடத்தில் இந்திராயணி ஆற்றின் மேலிருந்த பழைய இரும்புப் பாலம் சுற்றுலாப் பயணிகளின் பாரம் தாங்காமல் சரிந்தது. நான்கு பேர் உயிரிழந்தனர். தேடலில் இறங்கிய தேசிய பேரிடர் மீட்புப் படைக்கு அது சொந்த வட்டாரம். பருவமழை அப்போது தொடங்கியிருந்தது.

குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை

பாதிப்பை முதலில் காண்பவர்கள் பெரும்பாலும் வீட்டில் உள்ளவர்களே. தூக்கத்தில் திடுக்கிட்டு எழுதல், காரணமில்லாத எரிச்சல், பிள்ளைகளிடமிருந்து விலகியிருத்தல், குறிப்பிட்ட சாலையையோ இடத்தையோ தவிர்த்தல், குடிப்பழக்கம் கூடுதல், எதிலும் பற்றில்லாமல் மரத்துப்போன பேச்சு ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுக வேண்டும். ‘வாழ்ந்து என்ன பயன்’ என்ற பொருளில் பேசினால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது; தனியே விடவும் கூடாது.

2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ், மராத்தி உட்பட 20 மொழிகளில் ஆலோசனை கிடைக்கிறது. பணியாளரின் சார்பில் அவரது மனைவியோ, பெற்றோரோ, நண்பரோ அழைத்தும் வழி கேட்கலாம்.